பெண் பிள்ளைகளுக்குத்தான் படிப்பில் ஆர்வம் அதிகமா? ‘என் பையனுக்கு மூளை இருக்கிறது, உழைக்கத்தான் மாட்டேன் என்கிறான்’

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி. பெண் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே படிப்பில் ஆர்வம் அதிகமா என்பது ஒன்று. என் பையனுக்கு மூளை இருக்கிறது, உழைக்கத்தான் மாட்டேன் என்கிறான் என்பது இன்னொன்று. முதல் வரிக்கு ஹார்மோன், மூளை அமைப்பு என்று நிறையப் பேர் எழுதுவார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது இரண்டாவது வரிதான், அதனால்தான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பையனுக்குப் பதிமூன்று, பதினான்கு வயது இருக்கும், வகுப்பில் முதல் இடங்களில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவனுடைய ஆசிரியரும் இதே வாக்கியத்தை உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்களும் கொஞ்சம் ஆறுதலோடு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். ஊகம்தான், ஆனால் பெரிதாகத் தப்பியிருக்காது என்று நினைக்கிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளி மதிப்பெண்ணில் பெண்கள் முந்துவது உண்மை, அது நேற்று வந்ததும் இல்லை. டேனியல் வோயர், சூசன் வோயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1914 முதல் 2011 வரையிலான தரவுகளைத் திரட்டி 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாப் பாடத்திலும் பெண்கள் சற்று முன்னால், மொழிப் பாடங்களில் இடைவெளி அதிகம், கணிதத்தில் மிகக் குறைவு, இத்தனை ஆண்டுகளில் அது பெரிதாக மாறவும் இல்லை. ஆக, பையன்கள் திடீரென்று இந்தத் தலைமுறையில்தான் கெட்டுப்போனார்கள் என்பது சும்மா. அதே சமயம் ‘சற்று’ என்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கத்து மதிப்பெண்களும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துதான் கிடக்கின்றன. பையன்களுக்குள் இருக்கும் வித்தியாசம் பையனுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட எவ்வளவோ பெரியது.

உடனே ஒருவர் பீசா தேர்வைத் தூக்கிக்கொண்டு வருவார், எனக்குத் தெரியும். பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) நடத்துகிற தேர்வு அது. 2022இல் ஓஇசிடி நாடுகளின் சராசரியில் கணிதத்தில் பையன்கள் 9 புள்ளி முன்னால், வாசிப்பில் பெண்கள் 24 புள்ளி முன்னால். வகுப்பு மதிப்பெண்ணில் கணிதத்திலும் பெண்கள், வெளியார் வைக்கும் தேர்வில் பையன்கள், இது எப்படி? பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பள்ளி மதிப்பெண்ணில் வீட்டுப்பாடம், நோட்டு, நாள் தவறாமல் செய்வது எல்லாம் கலந்திருக்கிறது. டக்வொர்த், செலிக்மன் என்ற உளவியலாளர்கள் 2006இல் எட்டாம் வகுப்பு மாணவர்களை வைத்துப் பார்த்தபோது ஐக்யூ தேர்வில் பெண்கள் முந்தவில்லை, மதிப்பெண்ணில் முந்தினார்கள், சுயக்கட்டுப்பாட்டில் முந்தினார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதும் தேர்வில் இது அவ்வளவாகத் தெரியாது, ஒரு வருஷப் படிப்பில் தெரியும்.

‘ஆசிரியர்கள் பெண்களுக்கு அள்ளிப் போடுகிறார்கள்’ என்று சொல்பவர்களும் சண்டைக்கு வர வேண்டாம், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று நானே ஒப்புக்கொள்கிறேன். இஸ்ரேலில் விக்டர் லவி என்ற பொருளாதார அறிஞர் ஒரே பாடத்தில் மாணவரைத் தெரிந்த ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணையும் பெயர் தெரியாமல் திருத்திய தாளின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு 2008இல் எழுதினார். தெரிந்து போட்டபோது பையன்களுக்குத்தான் அடி. சரி, இதைச் சொல்லிவிட்டேன், இனி என் கதைக்கு வருகிறேன்.

நானும் அண்ணனும் இரட்டையர். சில நிமிடம் முன்னால் வந்ததால் அவன் அண்ணன். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே கணித ஆசிரியர், வீட்டில் ஒரே மேசை. இதைவிடச் சுத்தமான சோதனையை யாரும் வைத்திருக்க முடியாது என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன், அப்போது சிரிப்பு வரவில்லை. கணிதத்தில் எப்போதும் எனக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆசிரியர் அப்பாவிடம் சொல்வது மட்டும் ஒவ்வொரு முறையும் இதுதான்: ‘பொண்ணு நல்ல உழைப்பாளி. பையனுக்கு மூளை இருக்கு சார், உழைச்சான்னா எங்கேயோ போயிடுவான்.’ அப்பா வீட்டுக்கு வந்து இரண்டையும் பாராட்டாகத்தான் சொல்வார். எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்ளும். நான் அதிகம் வாங்கினால் உழைப்பு, அவன் குறைவாக வாங்கினாலும் மூளை. அப்படியென்றால் மூளை இருக்கிறது என்று காட்ட நான் என்ன செய்ய வேண்டும், குறைவாக வாங்க வேண்டுமா?

எட்டாம் வகுப்பில் அந்த ஆசிரியர் ‘ஆர்வம் உள்ளவர்களுக்கு’ என்று பாடத்திட்டத்துக்கு வெளியே கடினமான கணக்குகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்ததெல்லாம் பையன்களுக்கு. நான் போய்க் கேட்டேன். ‘உனக்கெதுக்கும்மா, நீதான் பரீட்சையில மார்க் வாங்கிடுறியே’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் சுமையைக் குறைக்கிற பாவனையில் சொன்னார். வீட்டில் அண்ணனின் தாளை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எண்களின் வகுபடும் தன்மை பற்றிய ஒரு கணக்கு, அவன் விட்டுவிட்டான், எனக்கு வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனான். ஆசிரியர் வகுப்பில் அவனை நிறுத்தி வைத்துப் பாராட்டினார். அவன், ‘நான் போடல சார், இவதான் போட்டா’ என்றான். (இதற்காகவே அவன் செய்த ஆயிரம் வம்புகளை மன்னிக்கலாம்.) ஆசிரியர் என்னைப் பார்த்து, ‘எங்கேயாவது புத்தகத்துல பார்த்து மனப்பாடம் பண்ணியிருப்பா’ என்றார். வகுப்பு சிரித்தது, பெண்களும் சேர்த்துத்தான்.

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவே இல்லை. எனக்குக் கணிதத்தின்மேல் பிடிப்பு வந்ததே அவர் பாடம் நடத்திய விதத்தால்தான். ஆனால் இது அவர் ஒருவரின் குணம் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1978இலேயே கேரல் ட்வெக் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். பையன்களுக்கு விழும் திட்டில் பெரும்பகுதி சேட்டை, கிறுக்கல் கையெழுத்து, கவனமின்மை பற்றியது. பெண்களுக்கு விழும் குறை, பதிலே தவறு என்பதைப் பற்றியது. அதனால் பையன் ‘முயலவில்லை, அதுதான்’ என்று எடுத்துக்கொள்கிறான், பெண் ‘எனக்கு வராது போல’ என்று எடுத்துக்கொள்கிறாள். 2017இல் லின் பியன், சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் மூவரும் செய்த ஆய்வு இன்னும் வலிக்கும். மிக மிகப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அது யார் என்று படங்களில் காட்டச் சொன்னார்கள். ஐந்து வயதில் பெண் குழந்தைகள் பெண்களையும் பையன்கள் ஆண்களையும் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் தங்கள் பக்கத்தைக் காட்டுவது குறைந்துவிட்டது. பள்ளியில் யாருக்கு நல்ல மதிப்பெண் என்று கேட்டால் மட்டும் பெண்களைத்தான் காட்டினார்கள்! மதிப்பெண் யாருக்கு, மூளை யாருக்கு என்று ஆறு வயதுக் குழந்தை பிரித்து வைத்திருக்கிறது. என் கணித ஆசிரியர் அந்தக் குழந்தைகளைவிட ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வகுப்பில் சத்தம் போடும் பையன்களை அடக்க, அவர்களுக்கு நடுவில் அமைதியான பெண்களைக் கொண்டுபோய் உட்கார வைப்பது யார் கண்டுபிடித்த வித்தை? ஒரு வருஷம் முழுக்க என்னை அப்படி வைத்தார்கள். என் பேனா காணாமல் போகும், என் நோட்டு ஊர் சுற்றிவிட்டு வரும், கரும்பலகை தெரியாது, இதெல்லாம் போதாதென்று பேசுகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும் வேலையும் என் தலையில். நான் படிக்க வந்தவளா, காவல்காரியா? பெண்கள் ‘இயல்பிலேயே பொறுப்பானவர்கள்’ என்று பேசுகிறவர்கள், பொறுப்பை யார் கையில் திணிக்கிறார்கள் என்றும் கொஞ்சம் பார்க்கலாம். குழுச் செயல்திட்டங்களைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

அண்ணன் கதைக்கு வருகிறேன், உங்களுக்கு வேண்டியது அதுதான். அவன் படிக்காதவன் என்று வகுப்பே நம்பியது. தேர்வு நாளில் ‘புக்கையே தொடலடா’ என்று சொல்லிக்கொண்டு வருவான். உண்மை என்னவென்றால் எல்லோரும் தூங்கிய பிறகு அவன் படிப்பான், சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு. தண்ணீர் குடிக்க எழுந்த நான் பார்த்துவிட்டேன், வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அந்த வயதில் எனக்குப் புரியவில்லை, படிப்பதில் என்ன வெட்கம்? அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. படிக்காமல் அறுபது வாங்கினால் அவன் மேதை. படித்து அறுபது வாங்கினால் வெறும் அறுபது. ‘மூளை இருக்கிறது, உழைக்கவில்லை’ என்று எல்லோரும் சேர்ந்து கொடுத்த பட்டத்தைக் காப்பாற்ற ஒரே வழி உழைக்காமல் இருப்பது, அல்லது உழைப்பதை ஒளித்துவைப்பது. தோல்விக்கு முன்கூட்டியே காரணம் தயார் செய்து வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை உளவியலில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், முயற்சியையே குறைத்துக்கொள்ளும் வகை பையன்களிடம் அதிகம் என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். கூடவே, புத்தகமும் கையுமாக இருந்தால் மற்ற பையன்கள் கிண்டல் செய்வார்கள் என்பதும் உண்டு, அதைப் பெண்கள் நாங்கள் லேசாக எடுத்துக்கொள்கிறோம்.

கல்லூரியில் திருட்டுத்தனமான இரவுப் படிப்பு போதவில்லை. அவன் உழைப்பைக் கூட்டவில்லை, வகுப்புக்குப் போவதை நிறுத்தினான். முதல் வருஷமே நிறையப் பாடங்கள் தேங்கிவிட்டன. வீட்டில் கேட்டபோது ‘எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை’ என்றான், எல்லோரும் நம்பினார்கள், பிடிக்காத பாடத்தில் தள்ளிவிட்டோம் என்று அம்மா அழுதார். என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னான்: ‘உட்கார்ந்து படிச்சும் வரலைன்னா, அப்புறம் நான் யாரு?’ ஆர்வமில்லாதவன் பேசுகிற பேச்சா இது? பயந்தவன் பேச்சு. பிறகு வேறு படிப்பு படித்து, இன்று நன்றாகவே இருக்கிறான், ஆனால் நடுவில் போன வருஷங்கள் போனதுதான். நான் கணிதமே எடுத்துப் படித்து, இப்போது அதையே கற்பிக்கிறேன். அந்த வகுபடும் கணக்கை ஒவ்வொரு வருஷமும் மாணவர்களுக்குக் கொடுக்கிறேன், கேட்டவர்களுக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும்.

‘ஒரு வீட்டுக் கதையை வைத்து உலகத்துக்கே தீர்ப்பா’ என்று கேட்பவர்களுக்கு: இல்லை. உண்மையிலேயே ஆர்வமில்லாத பையன்கள் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். உயிரியல் காரணமே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் பையனும் என் அண்ணனைப் போலத்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த ‘மூளை இருக்கிறது’ வாக்கியத்தை அவன் காதுபட இனி யாரும் சொல்ல விடமாட்டேன், ஆசிரியர் சொன்னாலும் சரி. அதற்குப் பதில் இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய், எந்த இடத்தில் நின்றுவிட்டாய் என்று கேட்பேன். வகுப்பில் முதலாவது வரும் பெண்ணின் பெயரை இழுக்கமாட்டேன், அவன் உழைப்பதைப் பெண்களின் வேலை என்று முடிவு கட்ட அது ஒன்றே போதும். மதிப்பெண் போடாத, தப்பாகப் போனால் யாருக்கும் தெரியாத கடினமான கணக்கு ஏதாவது அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள். அதில் மூழ்கிப் போகிறான் என்றால் ஆர்வம் இருக்கிறது, பிரச்சினை வேறு.

இன்னொன்று, அவன் எவ்வளவு வேகமாக, எவ்வளவு புரிந்து வாசிக்கிறான் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மேலே சொன்ன அந்த 24 புள்ளி இடைவெளி வாசிப்பில்தான். வாசிக்கத் திணறும் பையன் எல்லாப் பாடத்திலும் சோம்பேறி மாதிரிதான் தெரிவான். சத்தமாக ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி அவன் தடுமாறினால், அல்லது ஏதாவது சாக்குச் சொல்லி நழுவினால், ஆர்வத்தைப் பற்றிய பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் டிஸ்லெக்ஸியா (வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) போல ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்டிவிடுங்கள்.