மீன் தொட்டிக்கு கரண்ட் இழுக்கும் முன்: வாசகர் கேள்விகள்

கோல்டு ஃபிஷ் வாங்கினேன். ஹீட்டரும் கட்டாயம் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கவா? (சென்னை)

வேண்டாம். சென்னை வெயிலில் கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஹீட்டர் தேவையே இல்லை.

வீட்டில் எம்சிபி (மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது. தொட்டிக்கு அது போதாதா? (திருச்சி)

போதாது. எம்சிபி காப்பாற்றுவது வயரை. ஓவர்லோடு ஆனாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். ஓர் ஆளின் உயிர் போக 1 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் லைனை வெட்டுவது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கொடுப்பார்கள். ஆளைக் காப்பாற்ற அவை உதவாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா பாருங்கள்.

ஹீட்டர், ஃபில்டர், ஏர் பம்ப், லைட் நான்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். 100 லிட்டர் தொட்டி. லோடு தாங்குமா? (கோவை)

தாங்கும். ஹீட்டர் 100 வாட், மற்றவை சேர்ந்தாலும் மொத்தம் 200 வாட்டுக்குள்தான். 230 வோல்ட்டில் 1 ஆம்பியர்கூட வராது. என் கவலை அந்த பாக்ஸைப் பற்றியது.

என் முதல் தொட்டிக்கு ஆறு சாக்கெட் பாக்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். சாக்கெட்டில் மூன்று ஓட்டை, பிளக்கில் மூன்று பின். ஒரு வருஷம் கழித்து ஒரு சாக்கெட் லூஸாகி, ஸ்க்ரூ டிரைவரால் திறந்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு என்று இரண்டே வயர். பெரிய ஓட்டைகளுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடுகூட இல்லை. அந்த வருஷம் முழுக்க எர்த் இருக்கிறது என்று நம்பி, நானும் என் மகளும் தண்ணீரில் கை விட்டிருக்கிறோம். அதே மாதிரி பாக்ஸ் இன்றும் கடைகளில் தொங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மட்டமான சரக்கு என்று இதை விட்டுவிட முடியாது, பச்சை மோசடி.

ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், கரண்ட்டில் செருகுவதற்கு முன்பே, திறந்து பச்சை எர்த் வயரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அப்புறம், பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் தரையில் போடாதீர்கள். தள்ளி, பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரையும் சாக்கெட்டுக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு, மேலே ஏற்றிச் செருக வேண்டும். வயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஹீட்டர் பிளக் நுழையவில்லை. பெரிய பின்னை வெட்டிவிட்டேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. (ஈரோடு)

வெட்டியது எர்த் பின். ஹீட்டரைக் கழற்றி வையுங்கள். புது பிளக், சரியான சாக்கெட் போடும்வரை செருகாதீர்கள். அரை மணி நேர வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மனமில்லாதவர் எதற்கு மீன் வளர்க்க வேண்டும்?

புது ஃபில்டர் போட்ட எட்டாம் நாள், தண்ணீரைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக். 'மீன் உயிரோடு இருக்கிறதே, ஃபில்டர் நன்றாகத்தான் இருக்கிறது' என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். (மதுரை)

அம்மா தப்பித்தது பெரிய விஷயம். கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். கண்ணாடித் தொட்டிக்குள் கரண்ட் வெளியேற வழி கிடைக்காதவரை மீனுக்கு ஒன்றும் ஆகாது. தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர் கை வைத்தால் அவரே அந்த வழி. ஃபில்டரை மறுபடி செருக வேண்டாம், தூக்கியும் போட வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி.

பில்லில் வேறு கெடு போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்; அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

ராத்திரி கீசரால் ஆர்சிசிபி விழுந்து, காலையில் பாதி மீன் செத்துக் கிடந்தது. ஆர்சிசிபியை எடுத்துவிடலாமா? (சேலம்)

கூடாது. கீசரில் கரண்ட் லீக் இருக்கிறது. முதலில் அதைப் பழுது பாருங்கள். இப்போதுள்ள ஆர்சிசிபி வழியாக வராமல் தொட்டிக்குத் தனி லைன் இழுத்து, அதற்கென ஒரு ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போடச் சொல்லுங்கள். வீட்டில் வேறு லைனில் லீக் வந்து ஆர்சிசிபி விழுந்தாலும் மீனுக்குக் காற்று நிற்காது. ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பம்ப்புக்குள் இறங்கிவிடும்.