4.5 வர வேண்டிய இடத்தில் 4.29

கேள்வி: எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பழைய ரேடியோ, மின்விசிறி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்ப்பேன். அந்த ஆசையில்தான் இதில் சேர்ந்தேன். இங்கே வந்தால் ஒரே கணக்கு. கலப்பெண், லாப்லாஸ், ஃபூரியர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. சர்க்யூட் தியரியில் இந்த முறை தேறவில்லை. லேபிலும் நான் அளப்பது கணக்கோடு ஒத்துப்போவதில்லை. எனக்கு இது வராதோ என்று பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாறிவிடலாமா?

– ஒரு மாணவி

பதில்: லேப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பயத்துக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் இரண்டையும் தொடராக இணைத்து பேட்டரியில் கோத்துவிடுங்கள். ஒரு ரெசிஸ்டரின் குறுக்கே எவ்வளவு வோல்ட் இருக்கும்? சரிபாதி, 4.5. அதைத் தாளில் எழுதி வைத்துவிட்டு அளந்து பாருங்கள். மீட்டர் 4.3க்குப் பக்கத்தில் காட்டும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நோட்டை மூடிவிடுகிறார்கள். நீங்கள் மூடாதீர்கள். மீட்டரும் அந்த சர்க்யூட்டில் ஒரு பாகம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம்; நீங்கள் அளக்கும் ரெசிஸ்டருக்கு இணையாக அதுவும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சரி, இப்போது தெவனின் தேற்றத்தை எடுங்கள்; பேட்டரியும் ரெசிஸ்டர்களும் சேர்ந்ததை ஒரே வோல்டேஜ், அதோடு தொடராக ஒரே தடை என்று சுருக்கித் தருவது அது. 4.5 வோல்ட், அதோடு தொடராக அரை மெகா ஓம் (இரண்டு 1 மெகா ஓம் இணையாக), முனையில் 10 மெகா ஓம் மீட்டர். 4.5ஐ 10ஆல் பெருக்கி 10.5ஆல் வகுத்தால் 4.29. புது பேட்டரி 9க்குக் கொஞ்சம் மேலேயே காட்டும், ரெசிஸ்டரும் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். அதையெல்லாம் முதலில் அளந்து கணக்கில் சேர்த்துப் பாருங்கள், இன்னும் நெருங்கி வரும்.

தேர்வுத்தாளில் வெறும் சூத்திரமாக இருந்த தெவனின், உங்கள் மேசை மேல் இருக்கும் ஒரு வித்தியாசத்துக்குக் காரணம் சொல்கிறது பாருங்கள். ரேடியோவைக் கழற்றிய அதே ஆர்வத்துக்குத்தான் இங்கேயும் வேலை. ஸ்க்ரூ டிரைவர் எட்டாத இடத்தை கணக்கு எட்டுகிறது.

கலப்பெண் விஷயமும் இப்படித்தான். 'கற்பனை எண்' என்ற பெயரே பலரை விரட்டிவிடுகிறது. அந்தப் பெயர் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. மாறுமின்னோட்ட சர்க்யூட்டில் ஜே என்று எழுதும் அந்தக் கற்பனை எண் என்றால் கால் சுற்று, 90 டிகிரி திருப்பம், அவ்வளவுதான். கெபாசிட்டரில் மின்னோட்டம், வோல்டேஜுக்கு 90 டிகிரி முன்னால் போகிறது. அந்த முந்தலைத்தான் ஜே என்று எழுதுகிறோம். ஒரு காலத்தில் இத்தகைய சர்க்யூட்டுகளுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1893இல் மின் பொறியாளர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் கலப்பெண்ணைக் கொண்டு அதைக் கூட்டல் பெருக்கல் கணக்காக மாற்றிக் காட்டினார். உங்களை மிரட்டும் இந்தக் கருவி, பொறியாளர்களின் பாரத்தைக் குறைக்க வந்தது. லாப்லாஸும் அதே வேலையைத்தான் செய்கிறது, சுவிட்ச் போட்ட நொடியில் நடப்பதையும் சேர்த்துச் சொல்லும்.

அதைக் கண்ணால் பார்க்க ஆசையா? 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரும் போதும். இரண்டையும் பெருக்கினால் 10 விநாடி. 9 வோல்ட் கொடுத்தால் 10வது விநாடியில் சுமார் 5.7 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 5 விநாடிக்கு ஒரு முறை மீட்டரைக் குறித்து, வரைபடம் போடுங்கள். புத்தகத்தில் இருக்கும் அந்த வளைவு உங்கள் கையாலேயே வரும். இந்த வகைக் கெபாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் வரை மாறலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், படிக்கும் விதம். தீர்த்து வைத்த கணக்கைப் படித்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும். வெற்றுத்தாளில் உட்கார்ந்தால்தான் தெரியும். மின்காந்தவியலில் முதல் முறை தேறாதபோது நான் கற்றுக்கொண்டது இது. எந்தக் கணக்கானாலும் பேனா எடுக்கும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும், எந்த அலகில் வரும் என்று ஓரத்தில் எழுதுங்கள். சிமுலேட்டரைக் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் அது யோசித்துவிடும், உங்களுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

மாறுவதா வேண்டாமா? கணக்குக்குப் பயந்து மாறாதீர்கள். அங்கேயும் நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், டிஸ்க்ரீட் கணிதம் எல்லாம் காத்திருக்கின்றன. புரோகிராம் எழுதப் பிடிக்கிறது என்றால் அது வேறு விஷயம், நல்ல காரணம்தான். ஆனால் மைக்ரோகன்ட்ரோலர், கன்ட்ரோல் சிஸ்டம், சிக்னல் பிராசஸிங் என்று இந்தப் படிப்புக்குள்ளேயே அதற்கு நிறைய இடம் உண்டு. மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்து, தேறாத பாடத்தையும் ஒரு முறை இப்படிப் படித்துப் பாருங்கள். 4.29 எப்படி வந்தது என்று புரிந்த நொடியில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தால், இங்கேயே இருங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் தாராளமாக மாறலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சோதனையெல்லாம் பேட்டரியோடு நிற்கட்டும், சுவர் பிளக்கில் வரும் மின்சாரம் இதற்கு வேண்டாம். கெபாசிட்டரில் பட்டை போட்டிருக்கும் பக்கம் மைனஸ். மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.