டென்மார்க்கில் நாற்காலி வடிவமைப்பாளர் ஆக: முதலில் பட்டறை, பிறகு பட்டம்

மகள் டென்மார்க் போய் பர்னிச்சர் டிசைனர் ஆக வேண்டும் என்கிறாள், மாதச் சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தப் பெயரில் நாற்காலி வடிவமைப்பவர்களுக்கு அங்கே பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, விற்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் கிடைக்கும் பங்கான ராயல்டிதான். ஆலை விலையில் 3 முதல் 5 சதவீதம் வரை பேசுவார்கள். 2,000 குரோனர் (டென்மார்க் நாணயம்) நாற்காலிக்கு 4 சதவீதம் என்றால் 80 குரோனர். ஆண்டுக்கு 500 விற்றாலும் 40,000தான், அதுவும் வரிக்கு முன். அதனால் பலர் ஒரு கட்டடக்கலை அலுவலகத்திலோ நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே சொந்த வடிவங்களைச் செய்கிறார்கள்.

டென்மார்க் நாற்காலி வடிவமைப்பாளர் காஸ்பர் சால்டோவைப் பாருங்கள். 1967-ல் பிறந்தவர். முதலில் மரத்தச்சு பழகினார். அதன்பின்தான் கோபன்ஹேகன் டிசைன் பள்ளி, 1994-ல் முடித்தார். 'ரன்னர்' நாற்காலி 1997-ல் வந்தது, ஃபிரிட்ஸ் ஹான்சன் என்ற பெரிய டேனிஷ் பர்னிச்சர் நிறுவனத்துக்கான 'ஐஸ்' 2002-ல். ஐ.நா.வில் டேனிஷ் வடிவமைப்பாளர் ஃபின் யூல் வடிவமைத்த அறங்காவலர் மன்ற அறைக்கு, தாமஸ் சிக்ஸ்கார்டுடன் சேர்ந்து புதிய இருக்கைகள் செய்தது அதற்கும் பிறகு. புதுப்பித்த அறை 2013-ல் திறந்தது. பள்ளி முடித்து பெரிய நிறுவனத்தின் நாற்காலிக்கு எட்டு வருடம். இதைக் கணக்கில் வைத்துத்தான் படிப்புக் கடன் வாங்க வேண்டும்.

அங்கே இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் டேனிஷ் மொழியில் நடக்கும். முதுநிலைக்கு ஆங்கிலம் போதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே இளநிலையை இங்கேயே, முடிந்தால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.), முடிக்கட்டும்.

சேர்க்கைக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் எல்லாரும் சறுக்குவது கணினிப் படங்களில். பளபளப்பாக இருக்கும், உட்கார முடியாது. முதலில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் அட்டை மாதிரி, அடுத்து முழு அளவு வரைபடம், பிறகு விலை மலிந்த மரத்தில் நாற்காலி. இருக்கை உயரம் சுமார் 45 செ.மீ.; முன்விளிம்பு தொடையை அழுத்தினால் வளைத்து இழைக்க வேண்டும். பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். பின்னால் சாயும்போது பாரமெல்லாம் அங்கேதான் விழும். கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் மர முனை, குட்டையாக இருந்தால் முதலில் ஆடுவதும் அதுதான். வணிகப் பயன்பாட்டு நாற்காலிகளை ஆய்வகத்தில் இயந்திரம் வைத்து லட்சம் முறை அழுத்திப் பார்ப்பது இதற்காகவே. அந்த மூட்டு கழன்றால் மறைக்க வேண்டாம். கழன்ற மூட்டின் படம், மில்லிமீட்டர் அளவுகள், மாற்றிய இரண்டாவது மாதிரி மூன்றையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைக்கட்டும்.