மரநாய் வரைபடத்தில் சிங்கப்பூர் மட்டும் அடர்சிவப்பாகத் தெரிவது ஏன்?

மரநாய்களின் மரபணுத் தரவைக் கட்டம் கட்டமாக வரைந்து, சிங்கப்பூர் மட்டும் ஏன் இப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வரைபடத்தில் சிங்கப்பூர்க் கட்டம் அடர்சிவப்பாகவும் அதை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூர் வெளிறியும் இருப்பதை வைத்து, சிங்கப்பூரின் சிக்லாப் பகுதி வீட்டுக் கூரைகளில் வாழும் மரநாய்களுக்கு மரபணுப் பன்மை அதிகம் என்று முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் வரைந்திருப்பது ஹாப்லோடைப்புகளின், அதாவது ஒன்றுக்கொன்று வேறுபட்ட டிஎன்ஏ வரிசை வகைகளின் எண்ணிக்கை. மாதிரிகள் கூடக் கூட அது தானாகவே ஏறும்.

ஜொகூர் வெளிறியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். டிஎன்ஏ வரிசைகளைச் சேமித்துவைக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கின் பதிவுகள் பலவற்றில் இடத்துக்கு நேராக நாட்டின் பெயர் மட்டுமே இருக்கும். அதை நாட்டின் நடுப்புள்ளியாக மாற்றினால், சிங்கப்பூர் மாதிரி சிங்கப்பூரிலேயே நிற்கும். ‘மலேசியா’ என்று மட்டும் குறிக்கப்பட்ட ஜொகூர் மாதிரியோ ஜொகூரை விட்டு வெகுதூரம் போய்விடும். ஒரே புள்ளியில் குவிந்துகிடக்கும் பதிவுகளைத் தேடிப் பார்த்து, முதலில் அவற்றை விலக்குங்கள்.

பிறகு ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் 5 மாதிரிகளை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து, 1000 முறை திரும்பச் செய்து, கிடைக்கும் ஹாப்லோடைப்பு எண்ணிக்கையின் சராசரியை வரையுங்கள். 5 மாதிரிகூட இல்லாத கட்டத்தைச் சாம்பல் நிறத்தில் விடுவதே நேர்மை. நியூக்ளியோடைடு பன்மையையும், அதாவது இரு மாதிரிகளின் டிஎன்ஏ வரிசைகள் சராசரியாக எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவையும், பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்ட இந்த மரநாயை இப்போது ஹெர்மஃப்ரோடைட்டஸ், முசங்கா, பிலிப்பினென்சிஸ் என 3 இனங்களாகப் பிரிக்கிறார்கள். பழைய பெயரிலுள்ள பதிவுகளை அப்படியே சேர்த்தால், இரு இனங்கள் கலந்த கட்டம் பொய்யாகச் சிவக்கும். மேலும், சைட்டோகுரோம் பி என்பது தாயிடமிருந்து மட்டுமே வரும் மரபணு என்பதால், அது தாய்வழியை மட்டுமே காட்டும்.