2012-ல் ஏன் பெரிய சுனாமி வரவில்லை?

சுமத்ரா அருகே 2004-ல் நிலம் நடுங்கியபோது சுனாமி வந்தது, 2012 ஏப்ரலில் 8.6 அளவில் நடுங்கியும் பெரிய அலை ஏன் வரவில்லை என்று மகள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அருமையான கேள்வி!

அளவு மட்டும் போதாது, கடல்தரை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதும் முக்கியம். 2004-ல் இந்தியத் தட்டு (பூமியின் மேலோட்டிலுள்ள பிரம்மாண்டமான பாறைப் பலகை) அடியில் நழுவ, மேலிருந்த கடல்தரை துள்ளி எழுந்து தண்ணீரையே தூக்கியது. 2012-ல் பாறைகள் பக்கவாட்டில்தான் உரசின.

அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு தட்டை வையுங்கள். அதைச் சட்டென்று மேலே தூக்கச் சொல்லுங்கள், அலை விளிம்பில் மோதும். அப்புறம் தரையோடு மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தட்டும், தண்ணீர் லேசாகத்தான் அசையும்.

இன்னொன்று: கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். 2004-ல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் அலையின் மேடுதான் முதலில் வந்தது.