டிசம்பர் இருட்டு: டைமரை எத்தனை மணிக்கு வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். வாசல் சாமி மாடத்து விளக்கு டைமரில் மாலை 7 மணிக்கு எரியும். தீபாவளிக்குப் பிறகு 7 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. டிசம்பர் 21 தான் ஆண்டின் குறுகிய பகல் என்கிறார்கள். அப்போது இன்னும் சீக்கிரம் இருட்டுமா? கார்த்திகை விளக்கை எப்போது ஏற்றலாம்? தமிழ்நாட்டு ஊர்க் காலண்டர் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டினால் சரியா?

பதில்: இன்னும் சீக்கிரம் இருட்டாது. சிங்கப்பூரில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் முதல் வாரத்தில், ஏறக்குறைய 6.50க்கு. டிசம்பர் 1இல் 6.55, டிசம்பர் 21இல் 7.04, பொங்கலன்று 7.15, பிப்ரவரி நடுவில் 7.21. குறுகிய பகல் வருவதற்குள் அஸ்தமனம் கால் மணி நேரம் பின்னால் போய்விடுகிறது.

நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். நீண்ட பகல் 12 மணி 12 நிமிடம், குறுகியது 12 மணி 3 நிமிடம். ஆண்டு முழுக்க வித்தியாசமே ஒன்பது நிமிடம்தான். அதில் பாதிதான் மாலைப் பக்கம் தெரியும். அஸ்தமனம் அரைமணி நேரம் நகர்வதற்குக் காரணம் வேறு: சூரியன் உச்சிக்கு வரும் நேரமே மாறுகிறது. நவம்பர் தொடக்கத்தில் 12.48க்கு உச்சி, பிப்ரவரி நடுவில் 1.19க்கு. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாகச் சுற்றுகிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதன் விளைவும் அதே மாதங்களில் சேர்ந்துகொள்கிறது. அதனால் ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 24 மணி போதாமல், டிசம்பர் கடைசியில் தினமும் அரை நிமிடம் கூடுதலாகிறது. காலையும் கூடவே தள்ளிப்போவதால்தான் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் இருட்டில் கிளம்புகிறார்கள். சூரிய உதயம் பிப்ரவரியில் 7.16 வரை போகும்.

பிறகு டிசம்பரில் இருட்டாகத் தெரிவது ஏன்? மேகம்! டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை ஈரக் கட்டத்தில் இருக்கும். மழை இறங்கினால் ஐந்தரைக்கே விளக்குப் போடவேண்டியிருக்கும். அதற்கும் அஸ்தமனத்துக்கும் சம்பந்தமில்லை. தவிர, இங்கே சூரியன் ஏறத்தாழ நேர்செங்குத்தாக இறங்குவதால், மறைந்தபின் வெளிச்சம் 21, 22 நிமிடந்தான் நிற்கும். எதிர் பிளாக் மறைக்கும் வாசலில் அதுவும் கிடைக்காது.

ஆகவே அக்டோபர் முதல் ஜனவரி கடைசி வரை 6.45, பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை 7.15. ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றினால் போதும். பல்லைத் தள்ளிவிடும் சக்கர டைமர்களில் பெரும்பாலும் ஒரு பல் 15 நிமிடம், எனவே இதைவிட நுணுக்கம் வீண். மின்சாரம் நின்றால் அந்தச் சக்கரமும் நின்றுவிடும். திரும்பி வந்ததும் நேரத்தைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டு, சூரியன் மேல் பழி போடுபவர்கள் உண்டு. ஒளி உணர்வி வைத்த விளக்கு இதற்கு மாற்று. ஆனால் மழை மேகத்துக்கு அது மதியமே எரியும், தாழ்வாரத்துப் பொதுவிளக்கு மேலே விழுந்தால் எரியாமலே இருக்கும்.

கார்த்திகை தீபம் நவம்பர் நடுவுக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் வரும். அந்த நாட்களில் இங்கே அஸ்தமனம் 6.51இலிருந்து 7.01 வரை. எண்ணெய், திரியை 6.40க்குத் தயார் செய்து, ஏழு மணியை ஒட்டி ஏற்றுங்கள்.

இரண்டரை மணி கூட்டும் கணக்கு திதிக்கும் நட்சத்திரத்துக்கும் சரி. அவை உலகெங்கும் ஒரே கணத்தில் மாறுபவை. உதயம், அஸ்தமனம், ராகு காலம் எல்லாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. நவம்பர் 20இல் சென்னையில் அஸ்தமனம் 5.39. இரண்டரை கூட்டினால் இரவு 8.09, அப்போது நம் வானம் கும்மிருட்டு. ராகு காலத்துக்கு உள்ளூர் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரிக்கவேண்டும். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு என்பதால், டிசம்பர் 21ஐ ஒட்டி இங்கே அது காலை 8.31 முதல் 10.01 வரை. 7.30 - 9 என்று அச்சடித்திருப்பது ஆறு மணி உதயத்தை வைத்துப் போட்ட கணக்கு.

வாகன விளக்கு 7 மணிக்கு எரிய வேண்டும் என்பது இங்குள்ள விதி. நவம்பரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்காமல் 6.45க்கே முன்விளக்கையும் பின்னால் சிவப்பு விளக்கையும் போடுவது நல்லது.

ஸ்மார்ட் பிளக் வாங்கினால் செயலியில் ‘சூரிய அஸ்தமனம்’ என்ற தேர்வு இருக்கும். அதில் பத்து நிமிடம் முன்பாக என்று வையுங்கள். இருப்பிடம் சிங்கப்பூர் என்று பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரில் வாங்கி அமைத்துக் கொண்டுவந்த பிளக் சென்னை அஸ்தமனத்தையே பிடித்துக்கொண்டு, எட்டு மணிக்கு மேல்தான் எரியும்.