29,000 பவுண்ட் கணக்கு: பிரிட்டனுக்குத் துணையை அழைப்பவர்களின் கேள்விகள்

பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஒருவர் கணவனையோ மனைவியையோ அழைக்க, வரி பிடிப்பதற்கு முன் ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 11 அன்று வந்த தொகை இது. அதற்கு முன், 2012 ஜூலையிலிருந்து 18,600 ஆக இருந்தது. இதை 34,500 ஆகவும் பிறகு 38,700 ஆகவும் ஏற்றும் திட்டத்தை 2024 ஜூலையில் வந்த அரசு நிறுத்தி வைத்தது. தொகை எவ்வளவு என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எந்தக் காசு கணக்கில் ஏறும், எது ஏறாது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் அப்படித்தான்.

ஹாரோவில் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆண்டுச் சம்பளம் 26,800 பவுண்ட். கணவருக்குச் சென்னையில் ஐ.டி. வேலை, நல்ல சம்பளம். இரண்டையும் சேர்த்தால் 29,000 தாண்டிவிடுமே?

தாண்டாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணையின் அங்குள்ள சம்பளம் ஒரு பைசாகூடக் கணக்கில் வராது. அந்த வேலையை விட்டுவிட்டுத்தானே வருகிறார் என்பது விசா அதிகாரிகளின் வாதம். லண்டனில் இருந்தபடியே அதே கம்பெனிக்கு வேலை செய்வார் என்று எழுதிக் கொடுத்தாலும் எடுபடாது.

ஆனால் அவருடைய சேமிப்பு வரும். குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி 16,000 கூட்டுங்கள். உங்களுக்குக் குறைவது 2,200. அதை இரண்டரையால் பெருக்கினால் 5,500. பதினாறாயிரத்தைக் கூட்டினால் 21,500 பவுண்ட். இது உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ ஆறு மாதம் குறையாமல் வங்கியில் இருந்திருக்க வேண்டும். ரூபாயில் இருந்தால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில் பார்ப்பார்கள். ரூபாய் சரிந்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள்.

இரண்டரை என்பது அடுத்த விசா விண்ணப்பம் வரையிலான இரண்டரை ஆண்டுக் கணக்கு. 16,000 என்பது அரசின் வருமான உதவித்தொகைகளுக்குத் தகுதி போய்விடும் சேமிப்பு அளவு. இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது: சம்பளத்தில் வெறும் 500 பவுண்ட் குறைந்தவர்கூட 17,250 பவுண்ட் சேமிப்புக் காட்ட வேண்டும். ஆகவே உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சேமிப்பைத் தேடாதீர்கள், சனிக்கிழமை வேலை ஒன்றைத் தேடுங்கள் என்பதுதான். இரண்டாவது வேலையின் சம்பளமும் சேரும். அங்கும் ஆறு மாதம் ஆகியிருந்தால் நல்லது.

கணவரின் பிக்சட் டெபாசிட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எப்போது வேண்டுமானாலும் உடைக்க முடிந்தால் போதும், உடைப்பதற்கு வங்கி அபராதம் பிடித்தாலும் பரவாயில்லை. வரி சேமிப்புக்காகப் போடும் ஐந்து ஆண்டு டெபாசிட்டை இடையில் உடைக்க முடியாது, அதனால் அது உதவாது.

மருமகன் லண்டனில் டெலிவரி வேலை பார்க்கிறார், வருமானம் போதாது. நான் திருச்சியில் நிலம் விற்று மகளுக்குப் பணம் தரத் தயார். நூறு பவுன் நகையும் போட்டிருக்கிறேன். இதைக் காட்டலாமா?

ஐயா, நகையை முதலில் ஒதுக்கி வையுங்கள். லாக்கரில் இருக்கும் தங்கம் சேமிப்பு ஆகாது. மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கித் தமிழிலிருந்து மொழிபெயர்த்து இணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவும் வீண்தான்.

நிலம் வேறு கதை. பணமாகி மகள் கணக்குக்கோ மருமகன் கணக்குக்கோ வந்து ஆறு மாதம் ஆனால் சேரும். அன்பளிப்பாகத்தான் தர வேண்டும், கடனாகத் தரக்கூடாது. திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு கடிதம், விற்பனைப் பத்திரத்தின் நகல், பணம் கைமாறிய வங்கிப் பதிவு மூன்றையும் வையுங்கள். அந்த நிலம் மகள் பெயரிலேயே இருந்திருந்தால் இவ்வளவு காத்திருப்பு இல்லை. அவர் சொந்தமாக வைத்திருந்த சொத்தை விற்ற பணம் என்றால், சொத்தாக இருந்த காலத்தையும் ஆறு மாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

"மாதா மாதம் நான் அனுப்பிவைப்பேன்" என்று எழுதிக் கொடுப்பது சாதாரணமாகச் செல்லாது. 2017 இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வருமான வரம்பு சட்டப்படி சரியே என்றது. ஆனால் குழந்தைகளின் நலனையும் வேறு வழியில் வரும் ஆதரவையும் விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் சொன்னது. அதற்குப் பிறகுதான் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டும் பெற்றோர் உதவியைப் பார்க்கும் வழி திறந்தது. அதை நம்பி விண்ணப்பம் போடச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: டெலிவரி வேலை என்றால் மருமகன் அநேகமாகச் சுயதொழில் செய்பவராகப் பதிவாகியிருப்பார். சுயதொழில் வருமானத்துடன் சேமிப்பைச் சேர்த்துக் காட்ட முடியாது. வருமானம் தனியாகத் தேற வேண்டும், இல்லையென்றால் சேமிப்பு மட்டுமே தாங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முழுத் தொகை 88,500 பவுண்ட். நிலத்தை விற்பதற்கு முன் மருமகனின் வரிக் கணக்கை வாங்கிப் பாருங்கள்.

ரெஸ்டாரண்டில் வேலை, மணிக்கணக்குச் சம்பளம். வாரத்துக்கு வாரம் மாறும். பாதிச் சம்பளம் கையில் காசாக வரும்.

மாறுவது பிரச்சினை இல்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஆறு மாதச் சராசரியைப் பார்ப்பார்கள். மாதச் சம்பளக்காரருக்குத்தான் கெடுபிடி: ஆறு மாதத்தில் எந்த மாதம் சம்பள அளவு குறைவோ அதை வைத்தே ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவார்கள். ஐந்தாவது மாதம் சம்பளம் உயர்ந்தது என்று உடனே விண்ணப்பிப்பவர்கள் இதில்தான் விழுகிறார்கள்.

கையில் வரும் காசுதான் ஆபத்து. அது பே ஸ்லிப்பில் இருந்து, வரியும் கட்டி, அதே தொகை வங்கியிலும் போடப்பட்டிருந்தால் முழுச் சம்பளமும் கணக்காகும். வங்கியில் போட்டது குறைவு என்றால் போட்டது மட்டுமே. பே ஸ்லிப்பில் இல்லாத காசைப் பற்றிப் பேசவே வேண்டாம். அடுத்த ஆறு மாதம் சம்பளத்தை வங்கிக்கே அனுப்பச் சொல்லுங்கள். முதலாளி மறுத்தால் வேறு இடம் பாருங்கள். கல்யாணம் ஆனவர் நீங்கள், அவரல்ல.

வேலை மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போது 34,000. காத்திருக்க வேண்டுமா?

கடந்த 12 மாதத்தில் உண்மையில் வாங்கிய சம்பளமும் (வரிக்கு முன்), பழைய வேலையையும் சேர்த்து, 29,000 தாண்டியிருந்தால் இப்போதே போடலாம். இல்லையென்றால் புதிய வேலையில் ஆறு மாதம் ஆகும்வரை, இன்னும் நான்கு மாதம் பொறுங்கள்.

2023 இல் 18,600 கணக்கில் மனைவி வந்தார். விசா நீட்டிக்கும்போது 29,000 கேட்பார்களா?

மாட்டார்கள். 2024 ஏப்ரல் 11 க்கு முன் இந்த வழியில் விண்ணப்பித்தவர்கள் அதே துணையுடன் தொடரும்வரை பழைய தொகைதான். குழந்தைகளுக்காகக் காட்ட வேண்டிய பழைய கூடுதல் தொகை மட்டும் உங்களுக்குப் பொருந்தலாம். புதியவர்களுக்கு அது இல்லை. அப்புறம், மனைவி இங்கே வேலைக்குப் போகிறார் என்றால் அவர் சம்பளத்தையும் இப்போது சேர்க்கலாம். முதல் தடவை ஒருவரே சுமந்ததை இம்முறை இருவர் சுமக்கலாம்.

எனக்கு உடல்குறைபாட்டுக்கான பி.ஐ.பி. உதவித்தொகை வருகிறது. முழுநேர வேலை செய்ய முடியாது. மனைவியை அழைக்கவே முடியாதா?

முடியும். பி.ஐ.பி. பெறுபவருக்கு 29,000 வரம்பே கிடையாது. வாடகையும் வரியும் போக மீதி வருமானம் அரசு குறைந்தபட்ச உதவியாகத் தரும் அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். பராமரிப்பாளர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் இதே சலுகை உண்டு. இது தெரியாமல் வருடக் கணக்கில் பிரிந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள்.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறேன். மனைவிக்கு 29,000 காட்ட வேண்டுமா?

வேண்டாம், உங்களுடையது வேறு பாதை. மனைவிக்கு 285 பவுண்ட், அதுவும் 28 நாள் வங்கியில் இருந்தால் போதும். கம்பெனியே பொறுப்பேற்றுச் சான்று தந்தால் அதுவும் தேவையில்லை. ஆனால் உங்கள் வேலை குடும்பத்தை அழைக்க அனுமதிக்கும் வகையா என்று முதலில் பாருங்கள். பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2024 மார்ச் 11 முதல் அந்த வாய்ப்பு மூடப்பட்டுவிட்டது.

கனடாவில் இருக்கிற மச்சாள் வருமானமே காட்டாமல் கணவரைக் கூப்பிட்டுவிட்டாள். இங்கே மட்டும் ஏன்?

கனடாவில் துணைக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. மூன்று ஆண்டு பார்த்துக்கொள்வதாக உறுதி தர வேண்டும், உடல்குறைபாடு தவிர்ந்த வேறு காரணத்துக்காக அரசு உதவிப் பணம் பெறுபவராக இருக்கக்கூடாது. இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள். மச்சாளின் பேப்பர்களைப் பார்த்து உங்கள் விண்ணப்பத்தை நிரப்பாமல் இருந்தால் சரி.

சேமிப்பு சரியாக 88,500 இருக்கிறது. ஆறு மாதம் நேற்று முடிந்தது. இன்று விண்ணப்பிக்கலாமா?

கட்டணத்தை எதிலிருந்து கட்டப் போகிறீர்கள்? வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 2025 ஏப்ரலில் 1,938 பவுண்ட் ஆனது. ஏப்ரல்களில் இது ஏறும் வழக்கம் உண்டு, கட்டும் நாளன்று பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு மருத்துவச் சேவைக் கட்டணம் 3,105. இரண்டையும் அதே கணக்கிலிருந்து கட்டினால் விண்ணப்பிக்கும் நாளிலேயே சேமிப்பு 83,457 ஆகிவிடும். ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள் சேமிப்பு குறைந்திருந்தாலும் அந்தக் குறைந்த தொகையைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேறு கணக்கிலிருந்தோ அப்பாவின் கார்டிலிருந்தோ கட்டுங்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட்டின் கடைசித் தேதி விண்ணப்பத்துக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.